ஒரு ஸ்டேஜ் டிக்கெட்

எங்கள் பள்ளி மைதானத்தின் கிழக்குப் பக்கக் கோடு ஒரு புளியமரத்தின் வேர்மேல் ஏறி இறங்கித்தான் போகும். மற்ற இடமெல்லாம் சுண்ணாம்புத் தூள் நிற்கும், வேரின்மேல் நிற்காது. அங்கே ஒரு செங்கல்லை வைத்து, இதுதான் கோடு என்று சொல்லிவிடுவோம். 1994இல் பென்னாகரம் வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தேன். முதல் மாதமே அந்தச் செங்கல் பக்கத்தில் நடந்த ஒரு த்ரோ-இன்னை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளைச் சட்டைப் பையன் பந்தை எறிகிறான். தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரையும் தாண்டி, கோல்கீப்பருக்கு நாலடி முன்னால் நின்ற இன்னொரு வெள்ளைச் சட்டை அதை வாங்கி உள்ளே தட்டிவிடுகிறான். நான் விசிலை ஊதி, கையை உயரத் தூக்கி, ஆஃப்சைடு என்றேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. புதிதாக வந்த சார், பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவர், தப்பாகவா சொல்லப் போகிறார்?

ஆட்டம் முடிந்து கோல் கம்பத்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது இரவுக் காவலுக்கு இருந்த பெரியவர் பக்கத்தில் வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். "சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. பட்டாளத்துல நாங்க ஆடறப்ப த்ரோவுக்கு ஆஃப்சைடு ஊத மாட்டாங்க" என்றார். நான் ஏதோ மழுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி.

உடற்கல்விப் பட்டம் படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் கபடிக்கும் வாலிபாலுக்கும்தான் கூட்டம். கல்லூரியில் நான் சிறப்புப் பாடமாக எடுத்ததும் வாலிபால்தான். கால்பந்து விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். ஆஃப்சைடுக்கு அரைப் பக்கம் விடை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். தாளில் எழுதியது செங்கல் பக்கத்தில் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

அந்த அரைப் பக்க விடையை இங்கே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எதிரணியின் பாதி மைதானத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும்விடக் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் தலையோ உடம்போ காலோ இருந்தால் நீங்கள் ஆஃப்சைடு நிலையில் இருக்கிறீர்கள். கை கணக்கில் வராது. சமமாக நின்றால் தப்பு இல்லை. அந்தச் சலுகை 1990இல் வந்தது. அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றமும் ஆகாது. உங்கள் அணிக்காரர் பந்தைத் தொடும் அந்த நொடியில் அங்கே இருந்து, பிறகு ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். இதில் மூன்று விலக்குகள் உண்டு. கோல் கிக், த்ரோ-இன், கார்னர் மூன்றிலிருந்தும் பந்து நேராக வந்தால், எங்கே நின்று வாங்கினாலும் ஆஃப்சைடு கிடையாது.

ஏன் இந்த மூன்று மட்டும்? விதி எழுதியவர்கள் ஒரே நாளில் உட்கார்ந்து யோசித்துப் போட்ட பட்டியல் இல்லை இது. 1863இல் லண்டனில் முதல் விதிகளை எழுதியபோது, பந்துக்கு முன்னால் நிற்கிற எவனும் ஆஃப்சைடுதான். ஏறக்குறைய ரக்பி மாதிரி. ஆனால் கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து பந்தை உதைக்கும்போது உதைப்பவனைத் தவிர அவனுடைய அணி முழுக்க பந்துக்கு முன்னால்தானே நிற்கும்? அதனால் அதற்கு மட்டும் அன்றைக்கே விலக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. கோல் கிக் விலக்கு அந்த வழியில் வந்தது. கார்னருக்கு 1880களின் தொடக்கத்தில் கொடுத்தார்கள். த்ரோ-இன்னுக்கு இன்றைய விலக்கு 1920இல் வந்தது. நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் தொடங்கியதும் அதே 1920இல்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பயிற்சி வகுப்பில் ஆண்டை மறக்காமல் வைத்துக்கொள்ள இளம் ஆசிரியர்களுக்கு நான் இப்படிச் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

கார்னர் விலக்கைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அந்த விலக்கை விதிப்புத்தகத்திலிருந்து நாளைக்கே கிழித்தெறிந்தாலும் ஆட்டம் பெரிதாக மாறாது. கார்னரில் பந்து வைக்கப்படுவதே கோல் கோட்டின் மூலையில். பந்துக்குப் பின்னால் இருப்பவன் ஆஃப்சைடு ஆகவே முடியாது. கோல் கோட்டின் மேலேயே இருக்கும் பந்துக்கு முன்னால் நிற்க மைதானத்தில் இடம் ஏது? வில்லுக்குள் பந்தை ஒரு கஜம் முன்னே இழுத்து வைத்தால், அந்த ஒரு கஜத்துக்குள் கோல் கோட்டை ஒட்டி நிற்பவனுக்குத்தான் விலக்கால் லாபம். இதைப் புரிந்துகொண்டிருந்தால் 2001இல் நான் செய்த இரண்டாவது தவறைச் செய்திருக்க மாட்டேன்.

குறுவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம், பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் எங்கள் மாவட்டம்தான்; 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டப் போட்டிக்கு ஓசூர் அணிகளோடு மோதப் போகலாம். பஸ்ஸில் வெளியூர்ப் பயணம், இரண்டு நாள் வெளிச்சாப்பாடு. பையன்களுக்கு அதுவே உலகக் கோப்பை. நான் நடுவர். உதவி நடுவர் என்று யாரும் இல்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கொடியோடு நின்றவர்கள் ஆடும் பள்ளிகளின் மாணவர்கள்தான். பந்து கோட்டைத் தாண்டினால் தூக்கச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். ஆஃப்சைடை நான்தான் ஓடியபடியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

0–0. முடிய நாலைந்து நிமிடம் இருக்கும். பச்சைச் சட்டை அணிக்குக் கார்னர். கொடிக்கம்பத்துப் பையன் பந்தை உள்ளே தூக்கி அடிக்கவில்லை. ஆறேழு அடி தள்ளி நின்ற கூட்டாளிக்குத் தரையோடு தட்டிவிட்டான். உடனே தடுப்பாட்டக்காரர்கள் மொத்தமாகக் கோல் முகத்தைவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோல்கீப்பர் மட்டும் கோட்டில். கூட்டாளி இரண்டடி முன்னே தள்ளி, பந்தைத் திரும்பவும் கார்னர் எடுத்தவனுக்கே கொடுத்தான். அவன் இன்னும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், கோல் கோட்டை ஒட்டியே நின்றுகொண்டிருந்தான். பந்து வந்ததும் உள்ளே தூக்கினான். ஒரு தலை, கோல்.

நான் நடுக்கோட்டைக் காட்டினேன்.

தோற்ற பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் என்னைவிடச் சின்னவர். மைதானத்துக்குள் ஓடி வரவில்லை, கத்தவும் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்றபடி, "அண்ணே, கார்னர்ல ஆஃப்சைடு இல்லைங்கறது சரி. ஆனா இது கார்னர் முடிஞ்ச பந்தாச்சே?" என்றார். நான் விளக்கம் கேட்கும் மனநிலையில் இல்லை. செங்கல் பக்கத்தில் ஒருமுறை பட்டவன் அல்லவா? விலக்கு மூன்றையும் விரல் விட்டு எண்ணத் தெரிந்துவைத்திருந்தேன். "கார்னர்ல ஆஃப்சைடு கிடையாதுப்பா" என்று சொல்லிவிட்டு நடுக்கோட்டில் பந்தை வைக்கச் சொல்லி விசில் ஊதினேன்.

அந்த விசிலோடு வாசல் மூடிவிட்டது. நடுவர் தான் சொன்ன முடிவு தவறு என்று உணர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆட்டத்தை மறுபடி தொடங்குவதற்கு முன்பு மட்டும். கிக்-ஆஃப் எடுத்தபின் கோலை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அன்று ராத்திரி கேழ்வரகுக் களியைப் பிசைந்தபடியே யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கார்னர் எடுத்தவன் பந்தைத் தட்டியதும் கார்னர் முடிந்துவிட்டது. கூட்டாளி அதைத் திருப்பிக் கொடுத்தது ஒரு சாதாரணப் பாஸ். அந்த நொடியில் கார்னர் எடுத்தவன் பந்துக்கும் முன்னால், தடுப்பாட்டக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால். அவனுக்கும் கோட்டுக்கும் நடுவில் கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லை. பச்சையான ஆஃப்சைடு.

மறுநாள் அந்த ஆசிரியருக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். "பரவால்ல விடுங்கண்ணே" என்றார். அவருடைய பையன்கள் ஓசூர் பஸ் ஏறவில்லை.

அதன் பிறகுதான் இந்த ஒரு விதியை ஒழுங்காகச் சொல்லித் தரவேண்டும் என்ற பிடிவாதம் வந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் மாலையில் ஆடுவது ஏழு பேர் ஆட்டம், ஐந்து பேர் ஆட்டம். அதில் ஆஃப்சைடே கிடையாது. கோல் கம்பத்தை ஒட்டிக் காலாட்டிக்கொண்டு நின்று, வருகிற பந்தை உள்ளே தள்ளுகிறவன் அங்கே கெட்டிக்காரன். அந்தப் பழக்கத்தோடு பதினோரு பேர் ஆட்டத்துக்கு வந்தால் ஒவ்வொரு ஃப்ரீ கிக்குக்கும் மாட்டுவான். கரும்பலகையில் படம் போட்டுப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. படம் நகராது, ஆஃப்சைடோ நகர்கிற விஷயம். கடைசியில் பெஞ்சின்மேல் புளியங்கொட்டையைப் பரப்பினேன். எங்கள் மாவட்டத்தில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? தோல் நீக்கிய வெள்ளைக் கொட்டை ஒரு அணி, நீக்காத கொட்டை ஒரு அணி, ஒரு கடலை மணி பந்து. கடலையை ஒருவன் நகர்த்துவான். அது கையைவிட்டுக் கிளம்பும் நொடியில் எல்லோரும் கொட்டைகள் இருக்கும் இடத்தை மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பந்து போய்ச் சேரும் நொடி கணக்கில்லை. கிளம்பும் நொடிதான் கணக்கு.

ஒருநாள் அந்தக் குட்டைக் கார்னரை வைத்துக் காட்டினேன். "சார், அப்ப கார்னர்னா ஒரு ஸ்டேஜ் டிக்கெட் மாதிரி" என்றான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனுடைய அப்பா ஒகேனக்கல் போகும் பஸ்ஸில் கண்டக்டர். "அடுத்த ஸ்டேஜ் வரைக்கும்தான் செல்லும். அதுக்கு மேல போறதா இருந்தா புதுசா டிக்கெட் எடுக்கணும், இல்லன்னா செக்கிங்குல மாட்டுவோம்." இருபது ஆண்டுகள் விசில் ஊதியும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. அன்று முதல் என் வகுப்பில் இந்த விதிக்குப் பெயரே ஸ்டேஜ் டிக்கெட்தான்.

இந்த டிக்கெட் த்ரோவுக்கும் பொருந்தும். நன்றாக எறியத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் த்ரோவே கார்னர் மாதிரி கோல் முகம் வரை போய்விடும். எறிந்த பந்தை முதல் தலை வாங்கும்போது யாரும் எங்கேயும் நிற்கலாம். முதல் தலை பந்தைப் பின்னால் உரசி விட்டால், இரண்டாவது ஆள் எங்கே நின்றான் என்று அந்த உரசும் நொடியில் பார்க்க வேண்டும். கோல் கிக்கிலும் அதேதான். கோல்கீப்பர் நீளமாக அடிக்கிற பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய் நேராகக் காலில் விழுந்தால் கேள்வி இல்லை. வழியில் சொந்த அணிக்காரன் தலையில் பட்டுப் போனால் டிக்கெட் காலாவதி. எறிந்தவன் விஷயமும் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நின்று எறிந்துவிட்டு உள்ளே வந்து, பந்தை உடனே திரும்ப வாங்குகிறவன் கார்னர் எடுத்த பையனைப் போலத்தான். எல்லோரும் அவனை மறந்துவிடுவார்கள். நடுவரும்.

எதிரணிக்காரன் தெரிந்தே ஆடி, அவன் காலிலிருந்து வந்த பந்து என்றால் கணக்கே மாறிவிடும். 2018 ஜூன் 27, கசானில் தென்கொரியாவும் ஜெர்மனியும் ஆடிய உலகக் கோப்பை ஆட்டம் நினைவிருக்கிறதா? 90 நிமிடம் தாண்டிக் கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் கொரியாவுக்குக் கார்னர். பந்து கூட்டத்துக்குள் முட்டி மோதி, கடைசியில் கோல்கீப்பருக்கு எதிரே தனியாக நின்ற கிம் யங்-குவானிடம் வந்தது. அவர் உள்ளே அடித்தார். உதவி நடுவர் கொடியைத் தூக்கிவிட்டார். வீடியோவில் பார்த்தபோது, கிம்மிடம் பந்து வந்தது கொரியர் காலில் இருந்து அல்ல, ஜெர்மனியின் டோனி குரூஸ் காலில் இருந்து என்று தெரிந்தது. கோல் நின்றது, நடப்பு உலகச் சாம்பியன் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியது. நான் அந்த ஆட்டத்தைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடி தூக்கிய உதவி நடுவருக்காக என் வயிறு கலங்கியது. அந்த நெரிசலில் கடைசியாக யாருடைய கால் என்று அவர் கோட்டிலிருந்து எப்படிப் பார்ப்பார்? வீடியோ இல்லாத எங்கள் மைதானத்தில் கொடி தூக்கியது தூக்கியதுதான்.

ஃப்ரீ கிக்குக்கு விலக்கு இல்லை. பலரும் இதை நம்புவதில்லை. "பந்து நிறுத்தி வச்சு அடிக்கறதுக்கு எதுக்கு சார் ஆஃப்சைடு?" என்று பெற்றோர்கூடக் கேட்டிருக்கிறார்கள். விலக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை பயிற்சியில் ஆடிக் காட்டினேன். நடுக்கோட்டுப் பக்கம் ஒரு ஃப்ரீ கிக். தாக்கும் அணியில் ஏழு பேர் போய்க் கோல்கீப்பரைச் சுற்றி வேலி மாதிரி நின்றுகொண்டார்கள். தடுப்பாட்டக்காரர்களும் வேறு வழியின்றி அங்கேயே போனார்கள். பந்தைத் தூக்கி அடித்தவனுக்கும் கோலுக்கும் நடுவில் மைதானமே காலி. பிறகு யாருமே நடு மைதானத்தில் ஆட மாட்டார்கள். தவறு செய்ய வைத்து ஃப்ரீ கிக் வாங்குவதே தொழிலாகிவிடும். ஆஃப்சைடு இருப்பதால்தான் தடுப்பாட்டக்காரர்கள் ஒரு வரிசையாக முன்னே வந்து நிற்க முடிகிறது.

ஃப்ரீ கிக்கில் நடுவர் இரண்டு தடவை பார்க்க வேண்டும். அடிக்கும் நொடியில் ஒருமுறை, அடுத்த தலை தொடும் நொடியில் இன்னொரு முறை. 2022 நவம்பர் 20, கத்தார் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே எக்வடோரின் என்னர் வலென்சியா தலையால் அடித்த கோல் ரத்தானது. ஊரெல்லாம் சந்தேகம், போட்டி நடத்துகிற நாட்டுக்குச் சாதகமோ என்று டீக்கடையில் பேச்சு. விஷயம் இதுதான்: ஃப்ரீ கிக் உள்ளே வந்தபோது கத்தார் கோல்கீப்பர் பந்துக்காக முன்னே ஓடி வந்துவிட்டார். இரண்டு பேர் குதித்து, எக்வடோர்க்காரர் தலை பட்டபோது, கோல் கோட்டுப் பக்கம் மிச்சமிருந்தது ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர். அப்போது கடைசிக்கு முந்தைய ஆள் யார்? நாம் வழக்கமாகக் கோல்கீப்பரைக் கடைசி ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறோம். விதியில் கோல்கீப்பர் என்ற சொல்லே அந்தக் கணக்கில் இல்லை. எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆள், அவ்வளவுதான். எக்வடோரின் எஸ்திராதாவின் கால் அந்த வரிசையைத் தாண்டியிருந்தது. முடிவு சரி. வலென்சியா அதற்குப் பிறகு இரண்டு கோல் போட்டு, எக்வடோர் 2–0 என்று ஜெயித்ததால் டீக்கடையும் சமாதானமானது.

சமாதானமாகாத ஆட்டமும் உண்டு. எங்களிடமிருந்து மூன்று மணி நேரப் பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் ஆடிய ஐ.எஸ்.எல். வெளியேற்றுச் சுற்று ஆட்டம் அது. கூடுதல் நேரத்தில் பிளாஸ்டர்ஸ் இன்னும் சுவர் கட்டி முடிக்கவில்லை, கோல்கீப்பர் இடத்தில் இல்லை. சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்துக் கோலாக்கினார். பிளாஸ்டர்ஸ் மைதானத்தைவிட்டே வெளியேறியது. பின்னால் அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் வந்தது. அடுத்த வாரம் எங்கள் பையன்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சார், அதுல ஆஃப்சைடு பார்க்க வேணாமா?" சேத்ரி நேராகக் கோலுக்குள் அடித்தார், வேறு யாரும் தொடவில்லை, யாரும் கோல்கீப்பரின் பார்வையை மறைக்கவும் இல்லை. ஆகவே அந்தக் கேள்விக்கே அங்கே இடமில்லை. ஆனால் அதே ஃப்ரீ கிக்கைப் பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டிக் கொடுத்திருந்தால், கோல்கீப்பர் வெளியே நிற்கும் மைதானத்தில் ஆஃப்சைடு வரிசை எங்கே ஓடுகிறது என்று ஒரே நொடியில் கண்டுபிடித்தாக வேண்டும். புளியங்கொட்டையை எடுத்து அதை வைத்துக் காட்டினேன். இரண்டு பேருக்குப் புரிந்தது.

பார்வையை மறைப்பது என்று சொன்னேன். அதற்காகவே நான் ரத்து செய்த கோல்கள் நாலைந்து இருக்கும். பந்தைத் தொடவே இல்லையே என்று சண்டைக்கு வருவார்கள். ஆஃப்சைடு நிலையில் கோல்கீப்பரின் மூக்குக்கு நேராக நின்றுகொண்டு, பந்து வரும்போது குனிகிறவனுக்குப் பந்தைத் தொட என்ன அவசியம்?

பெனால்டிக்கும் ஆஃப்சைடு உண்டு. யாரும் கவனிக்காமல் போவதற்குக் காரணம், உதைப்பவனையும் கோல்கீப்பரையும் தவிர மற்ற எல்லோரும் பந்துக்குப் பின்னால், பெட்டிக்கு வெளியே, 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதுதான். கோல்கீப்பர் ஒருவர்தான் முன்னால் இருப்பதால், கடைசிக்கு முந்தைய எதிராளி எங்கோ பின்னால் போய்விடுவார். பந்துதான் அப்போது எல்லைக்கோடு. பந்துக்குப் பின்னாலிருந்து வருகிறவன் தப்பித்தான், முன்னால் நிற்கிறவன் மாட்டினான். 1982 டிசம்பர் 5 அன்று ஹெல்மண்ட் ஸ்போர்ட்டுக்கு எதிராக அயாக்ஸின் யோகான் கிரைஃப் பெனால்டியை நேராக அடிக்காமல் இடப்பக்கம் ஓடி வந்த யெஸ்பர் ஓல்சனுக்குத் தட்டினார். ஓல்சன் கோல்கீப்பரை இழுத்துவிட்டு, திரும்பக் கிரைஃபுக்கே கொடுக்க, காலியான கோலில் அவர் போட்டார். அந்தக் காட்சியைப் பையன்களுக்குக் கைபேசியில் போட்டுக் காட்டும்போது நான் நிறுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஓல்சன் திருப்பிக் கொடுக்கும் நொடியில் கிரைஃப் எங்கே நிற்கிறார் பாருங்கள், பந்துக்குப் பின்னால். ஒரு அடி அவசரப்பட்டு முன்னே போயிருந்தால் அந்தக் கோல் இல்லை. என் மாணவர்கள் இரண்டு பேர் ஒரு உள்ளூர் ஆட்டத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். ஓடி வந்தவன் பெட்டிக்குள் முன்கூட்டியே நுழைந்துவிட்டான். பெனால்டி போய் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. அதற்கப்புறம் கிரைஃபைப் பற்றி யாரும் பேசவில்லை.

கிக்-ஆஃபில் சிக்கல் வராது. எல்லோரும் தங்கள் பாதியிலேயே நிற்பதால் ஆஃப்சைடு நிலையே அமையாது. நடுவர் போடும் டிராப் பந்திலும் அப்படியே, அதைப் போடுவது அணிக்காரன் இல்லையே.

ஆஃப்சைடு ஊதியபின் ஆட்டம் தொடங்குவதும் ஒரு ஃப்ரீ கிக்கில்தான், மறைமுக ஃப்ரீ கிக். நேராக அடித்துக் கோல் போட முடியாது என்று காட்ட நடுவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். கிராமத்து ஆட்டத்தில் நான் இப்படிக் கையைத் தூக்கி நின்றபோது, கூட்டத்தை உட்காரச் சொல்கிறேன் என்று நினைத்து முதல் வரிசை முழுக்க உட்கார்ந்தது. அந்த ஆட்டம் நிம்மதியாக நடந்தது.

இந்த வேலையின் கஷ்டம் கோட்டில் நிற்கிறவருக்குத்தான். 1996 வரை லைன்ஸ்மேன் என்றோம், இப்போது உதவி நடுவர். கார்னர் என்றால் கொடிக்கம்பத்துக்குப் பின்னால், கோல் கோட்டின் நேரில் அவர் நிற்க வேண்டும். பந்து கோட்டைத் தாண்டியதா என்று பார்க்க அதுதான் இடம். கார்னர் குட்டையாகப் போனதும் அதே கண் சட்டென்று வேறு வேலைக்கு மாற வேண்டும்: விலக்கு முடிந்தது, இனி வரிசையைப் பார். தடுப்பாட்டக்காரர்கள் வெளியே ஓடும்போது அவரும் அவர்களோடு ஓட வேண்டும். ஓடும்போதே கொடிக்கம்பத்தில் விட்டுவந்த பையனையும் மறக்கக் கூடாது. 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராக நின்ற சென்னைக்காரர் கே. சங்கரைப் பற்றிப் பயிற்சி முகாம்களில் நான் சொல்லாமல் இருந்ததில்லை. கொடி பிடிப்பது கோட்டுக்கு வெளியே நிற்கும் சின்ன வேலை என்று நினைக்கும் பையன்களுக்கு, அந்தக் கொடியோடு உலகக் கோப்பை வரை போகலாம் என்று காட்ட வேறு என்ன வேண்டும்? திண்டுக்கல்லின் ரூபா தேவி ஃபிஃபா நடுவரான செய்தி வந்தபின் எங்கள் பள்ளியில் இரண்டு பெண் பிள்ளைகள் தாங்களாகவே வந்து விசில் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி என்னைவிடக் கண்டிப்பு. அவள் ஊதும் ஆட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

ஓய்வு பெற்றும் இன்னும் ஆட்டம் ஊதப் போகிறேன். முழங்கால் அனுமதிக்கும் வரை. குறுவட்டப் போட்டிகளில் இன்றைக்கும் நான் பார்ப்பது ஒரே ஒரு நடுவரும், பந்து வெளியே போனால் கொடி தூக்கச் சொல்லி நிறுத்திய இரண்டு பையன்களும்தான். ஒருவருக்கு இரண்டு கண். பந்தைத் தொடும் காலையும் முப்பது கஜம் தள்ளி நிற்கும் வரிசையையும் ஒரே நொடியில் அவை பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2001இன் தவறுக்கு நான் சாக்குத் தேடவில்லை. எனக்கு விதி தெரியவில்லை, அதுதான் உண்மை. ஆனால் விதி தெரிந்தவரும் தனியாக நின்றால் அந்தப் பையனைத் தவற விடுவார்.

போட்டி நடத்துகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லா ஆட்டத்துக்கும் முடியாவிட்டால் அரையிறுதிக்கும் இறுதிக்குமாவது விதி படித்த இரண்டு பேரைக் கோட்டில் நிறுத்துங்கள். முந்தின நாள் மாலை அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார நான் வருகிறேன். கொடி வாங்க வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கின்றன.